299-ஆம் குழாய்

ரொட்டித் துண்டு ஒன்றைச் சில நாள் எடுக்காது விட்டால் அதன்மேல் பூஞ்சை படர்வதனை எல்லாரும் கண்டிருப்பர். பூஞ்சையுடம்பு என்று மெலிவைக் குறிப்பது தமிழ் வழக்கு. ஆயின், பூஞ்சைகள் யாவும் மெலிந்தவை அல்ல. செம்மஞ்சள் நிறமுடைய பூஞ்சை ஒன்று 1843-ஆம் ஆண்டில் பாரிசு நகரத்து ரொட்டிக் கூடங்களிற் புகுந்து, படைவீரர்க்கெனச் சுட்ட ரொட்டிகளைப் பாழாக்கியது. காரணம் அறியப் பிரெஞ்சு அரசாங்கம் அறிஞர் குழு ஒன்றையே அமைக்க நேர்ந்தது. சாவகத் தீவினரோ அவ்வினப் பூஞ்சையை நிலக்கடலைப் பிண்ணாக்கின்மேல் வேண்டுமென்றே வளர்த்து, அதனைச் சுவையான உணவாகக் கொண்டனர். ஓரிடத்தில் உணவைக் கெடுத்தது மற்றோரிடத்தில் உணவாயிற்று.

1927-ஆம் ஆண்டில் ஷியர், டாட்ஜ் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் இப்பூஞ்சைக்கு நியூரோஸ்போரா என்று பெயரிட்டனர். அதன் வித்துகளின்மேல் நரம்புகள் போல் வரிகள் ஓடுவதைக் கண்டு இட்ட பெயர் அது. டாட்ஜ் பல்லாண்டுகள் பள்ளியாசிரியராக இருந்து, 40-ஆம் வயதிலேதான் டாக்டர் பட்டம் பெற்றவர். அவர் கண்டறிந்த செய்திகள் சில. இருவேறு வகைப் பூஞ்சைகள் கூடினாலன்றி அவ் வித்துகள் உண்டாவதில்லை. உண்டான வித்துகளும் வெப்பம் பட்டாலன்றி முளைப்பதில்லை. நுண்ணிய பை ஒவ்வொன்றிலும் எட்டு வித்துகள், அவரைக்காயில் விதைகள் போல, வரிசை மாறாமல் அமைந்திருக்கும். பெற்றோரின் பண்பு மக்களிடம் இறங்கும் முறையை இதனினும் தெளிவாகக் காட்டும் உயிர் வேறில்லை என்று டாட்ஜ் உறுதியாக நம்பினார். பழ ஈக்களை ஆராய்ந்து பெரும்புகழ் எய்திய மார்கன் என்னும் பேரறிஞரிடமும் அவர் இதனைப் பன்முறை எடுத்துரைத்தார். மார்கன் 1928-இல் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தபோது அப்பூஞ்சையிற் சிறிது உடன்கொண்டு சென்றார். மறு ஆண்டில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாட்ஜ் ஆற்றிய சொற்பொழிவை இளைஞர் ஒருவர் கூர்ந்து கேட்டிருந்தார். அவர்தாம் ஜார்ஜ் பீடில்.

பீடில் நெபிராஸ்கா மாநிலத்தில் 40 ஏக்கர் நிலமுடைய உழவர் ஒருவரின் மகனாக 1903-இல் தோன்றியவர். பள்ளி ஆசிரியை ஒருவர் வற்புறுத்தியிராவிடில் ஏரைவிட்டு அவர் கல்லூரிக்குச் சென்றிருக்கவே மாட்டார். பிற்காலத்தில் அவர் மனத்தைப் பற்றிய வினா ஒன்று உண்டு. ஜீன் எனப்படும் மரபணு ஒன்று உயிரினுள் இருந்து என்னதான் செய்கின்றது? இதற்கு விடை காண அவர் பழ ஈயின் கண்ணிறத்தை ஆராயத் தொடங்கினார். ஈயின் கண் சிறிது. அதில் உள்ள நிறப்பொருளோ அதனினும் சிறிது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் டேட்டம் என்னும் வேதியியல் அறிஞர் அவருடன் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் அப்பொருளைப் பிரித்தெடுக்க முயன்றார். முயற்சி முற்றுப்பெறுமுன் ஜெர்மானிய அறிஞர்கள் 1940-இல் அதனைக் கண்டுரைத்துவிட்டனர்.

இழப்பினால் உண்டான இச்சோர்வு நீங்காத காலத்தில், டேட்டம் மாணவர்க்கு உயிர்வேதியியல் வகுப்பு நடத்தினார். பீடிலும் மாணவர்போல் அமர்ந்து கேட்டார். கேட்டுக்கொண்டிருக்கையிலேயே அவருக்கு ஒன்று தோன்றியது. இதுகாறும் கெட்டுப்போன மரபணுவை முதலில் கண்டு, அதனால் நின்றுபோன வேதிச் செயலைப் பின்னர்த் தேடினோமே. தலைகீழாகச் செய்தால் என்ன? செயல் முறை நன்கு தெரிந்த பொருள்களை எடுத்துக்கொண்டு, அவற்றை ஆக்கமாட்டாத உயிரைத் தேடுவோம் என்று அவர் துணிந்தார்.

அத்தகைய ஆராய்ச்சிக்கு ஈ உதவாது; டாட்ஜின் பூஞ்சை உதவும். சிறிது சர்க்கரை, சில உப்புகள், பயோட்டின் என்னும் உயிர்ச்சத்து ஒன்று ஆகிய இவை போதும். உடம்புக்கு வேண்டிய மற்றைப் பொருள்கள் அனைத்தையும் அது தானே ஆக்கிக்கொள்ளும். அன்றியும், ஈயினிடத்து ஒவ்வொரு மரபணுவும் இரட்டையாக உளது. ஒன்று கெட்டாலும் மற்றொன்று குறையை மறைத்துவிடும். பூஞ்சையினிடத்து ஒன்றே உளது. ஆதலின் குறை மறைவதற்கு வழியில்லை.

1941-ஆம் ஆண்டில் பணி தொடங்கிற்று. பூஞ்சையின்மேல் எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சி, மாற்று வகையோடு கூட்டி, பிறந்த வித்துகளை நுண்ணோக்கியின்கீழ் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, எல்லாச் சத்தும் நிறைந்த உணவிட்ட சோதனைக் குழாய்களில் தனித்தனியே வளர்த்தனர். அதன்பின் ஒவ்வொரு குழாயிலிருந்தும் சிறிது எடுத்து, சர்க்கரையும் உப்பும் பயோட்டினும் மட்டுமே உள்ள குறையுணவில் இட்டுப் பார்த்தல் வேண்டும். அங்கே வளராதது எதுவோ, அதுவே தேடும் பொருள்.

இத்தகைய பூஞ்சை உண்டென்பதில் அவ்விருவர்க்கும் ஐயமில்லை. அவர்கள் அஞ்சியது தம் மனத்தையே. அது மிக அரிதாக அமைந்து, நூறு, இருநூறு எனக் குழாய்கள் பொய்த்துக்கொண்டே போனால், கைவிட்டுவிடுவோமோ என்று அஞ்சினர். ஆதலின் ஒன்றையேனும் சோதிப்பதற்கு முன்னரே ஆயிரத்துக்கு மேற்பட்ட குழாய்களை வளர்த்து அடுக்கி வைத்துக்கொண்டனர். உழைப்பின் பெரும்பகுதி முடிந்துவிட்டபின் இடையில் நிறுத்த மனம் வாராதன்றோ! உழவர் வீட்டுப் பிள்ளைக்கே தோன்றக்கூடிய உபாயம் இது.

சோதனை தொடர்ந்தது. குழாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறையுணவிலும் நன்றாகவே வளர்ந்தன. 299-ஆவது வளரவில்லை. வெவ்வேறு சத்துகளை அதற்கு இட்டுப் பார்த்ததில், பி6 என்னும் உயிர்ச்சத்தைச் சேர்த்த குழாயில் மட்டும் அது தழைத்தது. அப்பூஞ்சை ஏனையவற்றையெல்லாம் ஆக்கவல்லது. இஃதொன்றை மட்டும் ஆக்கும் திறனை இழந்தது. பின்னர் அதனைக் கேடில்லாத பூஞ்சையோடு கூட்டினர். நுண்பைகளில் எட்டு வித்துகளுள் நான்கு பி6 இன்றி வளர்ந்தன, நான்கு வளரவில்லை. செம்பாதியாக இவ்வாறு பிரிதல் ஒரே மரபணுவின் கேட்டால் அமைவது. டாட்ஜ் கண்ட அவ்வரிசை இங்ஙனம் சான்றாயிற்று. 1085-ஆம் குழாய் பி1 என்னும் உயிர்ச்சத்தை ஆக்கமாட்டாததாக இருந்தது. முடிவுகள் அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்தன.

உயிரினுள் நிகழும் வேதிச் செயல் ஒவ்வொன்றையும் ஒரு நொதி நடத்துகின்றது. நொதி ஒவ்வொன்றையும் ஒரு மரபணு ஆள்கின்றது என்னும் கொள்கை இதிலிருந்து எழுந்தது. ஆங்கில மருத்துவர் காரட், நோயாளர் சிலரின் சிறுநீர் கறுப்பதை ஆராய்ந்து, இவ்வுண்மையை நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஓரளவு உணர்ந்திருந்தார். கேட்பார் அந்நாளில் மிகுதியாக இல்லை. கொள்கையும் அவ்வாறே நில்லாது, மரபணு ஆக்குவிப்பது நொதி முழுவதையும் அன்று, புரத இழை ஒன்றையே எனப் பிற்காலத்தில் திருத்தம் பெற்றது.

பீடிலும் டேட்டமும் 1958-ஆம் ஆண்டில், லெடர்பெர்கு என்பாரோடு, நோபெல் பரிசு பெற்றனர். அப்பொழுது டாட்ஜுக்கு வயது 86. ஸ்டாக்ஹோமில் நிகழ்த்திய பரிசுப் பேருரையில் பீடில் அம்முதியவரைப் பெயர் சுட்டி நினைவுகூர்ந்தார்.

ரொட்டிப் பூஞ்சையின் மரபணுத் தொகுதி 2003-இல் முழுவதும் படித்து வெளியிடப்பட்டது. மரபணுக்கள் ஏறத்தாழ 10,000. பழ ஈக்கு உள்ளவற்றினும் அவை கால் பங்கே குறைவு. அவற்றால் ஆகும் புரதங்களுள் ஐந்தில் இரண்டு பங்கு, அந்நாள்வரை அறியப்பட்டிருந்த வேறெந்தப் புரதத்தோடும் ஒத்திருக்கவில்லை.