ஆறு ஷில்லிங்: ஒரு நாள் கூலிக்காக ரெண்டா உடைஞ்ச ஒரு விளையாட்டு

கொஞ்சம் பெரிய பதிவு. பொறுமையா படிங்க. ரக்பி பத்தி ஒண்ணுமே தெரியாதுன்னாலும் பரவாயில்ல. ரெண்டு மாசம் முன்னாடி வரைக்கும் எனக்கும் தெரியாது.

ஓ.பி.யில இருந்து ஆரம்பிக்கிறேன். சென்ட்ரிங் வேலை செய்யற ஒரு அண்ணன், நாற்பது வயசு இருக்கும். சாரத்துல இருந்து விழுந்து காலர் போன் உடைஞ்சு வந்தார். எலும்பு பெருசா விலகல. ஸ்லிங் போட்டுவிட்டு, "ஆறு வாரம் இந்தக் கையால எதையும் தூக்கக் கூடாது" என்றேன். அவர் சிரித்தார். "திங்கக்கிழமை கான்கிரீட் இருக்கு சார்."

நான் கேட்டேன்: "உங்களுக்கு உடம்பு முக்கியமா, காசு முக்கியமா?"

பதில் வரல. சீட்டை மடிச்சு சட்டைப் பையில வெச்சுட்டுப் போயிட்டார். சரியாத்தானே கேட்டோம்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு திருப்தி வேற.

அந்த வாரம் நைட் டியூட்டியில, வடக்கு இங்கிலாந்தில் வேலை பார்க்கிற என் பேட்ச்மேட் போன் பண்ணினான். "மச்சான், இங்க ரக்பின்னு சொன்னா உடனே 'லீகா, யூனியனா?'ன்னு கேக்கறாங்கடா. ரெண்டும் வேற வேற விளையாட்டாம். ஏன்னு தெரியுமா?" எனக்குத் தெரியல. தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். விடியற வரைக்கும் மூட முடியல.

விஷயம் இதுதான். 1871-ல் லண்டனில் ரக்பிக்கு ஒரு சங்கம் உருவாச்சு. பெரும்பாலும் நல்ல பள்ளிகளில் படிச்ச, வசதியான வீட்டு ஆட்கள். ஆனா யார்க்‌ஷயர், லங்காஷயர் பக்கம் இந்த ஆட்டத்தைக் கையில எடுத்துக்கிட்டவங்க சுரங்கத் தொழிலாளிகள், பஞ்சாலைத் தொழிலாளிகள். அங்கெல்லாம் சனிக்கிழமை காலையும் வேலை உண்டு. வெளியூர்ல ஆட்டம்னா சீக்கிரமே கிளம்பணும். கிளம்பினா கூலி போச்சு.

வடக்கத்திய கிளப்கள் கேட்டது சம்பளம் இல்ல. ஆட்டத்துக்காக இழக்கிற வேலை நேரத்துக்கு மட்டும் ஈடு. அதுக்கு 'ப்ரோக்கன் டைம்' என்று பேர். 1893-ல் லண்டனில் நடந்த கூட்டத்தில் யார்க்‌ஷயர்காரங்க இதைத் தீர்மானமா கொண்டு வந்தாங்க. ஆதரவு 136 ஓட்டு, எதிர்ப்பு 282. தோத்துப் போச்சு.

எதிர்த்தவங்க வாதம்: விளையாட்டு விளையாட்டுக்காகவே இருக்கணும், காசு வந்தா அதோட தூய்மை கெட்டுடும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தத் தூய்மையோட செலவு யார் பையில இருந்து போகுதுன்னு பாருங்க. வக்கீலுக்கோ மில் முதலாளி மகனுக்கோ சனிக்கிழமை ஆட்டத்தால ஒண்ணும் குறையாது. சுரங்கத்துல வேலை செய்யறவன் வீட்டுல அந்த வாரம் அடுப்புல ஏத்தறது குறையும்.

இதுல எவ்வளவு கறார்னு ஒரு உதாரணம். 1888-ல் பிரிட்டனில் இருந்து ஒரு ரக்பி அணி ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்குப் போச்சு. ஹாலிஃபாக்ஸ் வீரர் ஜாக் க்ளோஸ், பயணத்துக்குத் தேவையான சாமான் வாங்க 15 பவுண்ட் வாங்கிக்கிட்டார். அதுக்காக அவரைத் தொழில்முறை ஆட்டக்காரர்னு அறிவிச்சுட்டாங்க.

அதே காலத்து கிரிக்கெட்டில் நம்ம ஆளு ஒருத்தர் இருந்தார். டபிள்யூ. ஜி. கிரேஸ். ஆமா, டாக்டர்தான், 1879-ல் தகுதி பெற்றவர். 1891-92 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு அவர் வாங்கினது 3000 பவுண்ட். அவர் ஊர்ல இல்லாதப்ப நோயாளிகளைப் பார்த்துக்க மாற்று டாக்டர் வைக்கிற செலவு தனி. ஆனாலும் கடைசி வரைக்கும் அவர் 'அமெச்சூர்'தான்! டாக்டர் வாங்கினா செலவுத் தொகை. தொழிலாளி வாங்கினா பேராசை.

1895 ஆகஸ்ட் 29. ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டல். வடக்கத்திய கிளப்கள் கூடி, போதும்னு வெளியே வந்தாங்க. 'நார்தர்ன் யூனியன்' பிறந்தது. முதல் சீசனில் 22 கிளப்கள். ஒரு நாளுக்கு அதிகபட்சம் ஆறு ஷில்லிங் ஈட்டுத் தொகை. இவ்வளவுதான். இதுக்காகத்தான் ஒரு விளையாட்டு ரெண்டா பிளந்தது. 1906-ல் ஆட்டக்காரர்களை 15-ல் இருந்து 13 ஆகக் குறைச்சாங்க. 1922-ல் பேரும் 'ரக்பி லீக்' ஆச்சு.

இந்தப் பக்கம் பழைய சங்கம் கதவைச் சாத்திடுச்சு. ஒரு தடவை அந்தப் பக்கம் போய் ஆடினா ஆயுசுக்கும் தடை. திரும்பி வர வழியே கிடையாது.

இப்போ நம்ம ஹீரோ. ஆல்ஃப் வுட். குளோஸ்டர் கிளப்பின் ஃபுல்பேக். ஃபுல்பேக்னா எல்லாருக்கும் பின்னாடி கடைசி ஆளா நின்னு காக்கிறவர். 1908-ல் இங்கிலாந்துக்காக மூணு ஆட்டம் ஆடினார். அதுல ஒண்ணு பிரிஸ்டலில் வேல்ஸுக்கு எதிரா. அன்னைக்கு மூடுபனியில பார்க்க வந்தவங்களுக்கு மைதானமே சரியா தெரியல. வேல்ஸ் 28-18 என்று ஜெயித்தது. அந்தப் பனிக்குள்ள கடைசிக் காவலா நின்னவர் இவர்தான்.

கொஞ்ச நாளிலேயே அந்த இங்கிலாந்து சட்டையை விட்டுட்டு ஓல்டம் கிளப்புக்குப் போயிட்டார். மான்செஸ்டருக்குப் பக்கத்துல ஒரு பஞ்சாலை ஊர். போனா திரும்ப முடியாதுங்கிறது அன்னைக்கு ரக்பி ஆடின எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சுதான் போனார். 1910, 1911 ரெண்டு வருஷமும் ஓல்டம் சாம்பியன். இப்படி ரெண்டு வகை ரக்பியிலும் நாட்டுக்காக ஆடினவங்களை 'டூயல் கோட்' வீரர்னு சொல்வாங்க.

அவர் பேர் நிலைச்சது 1914 ஆஸ்திரேலியப் பயணத்துலதான். சிட்னியில் ஜூன் 27, முதல் டெஸ்ட், பிரிட்டனுக்கு வெற்றி. ஜூன் 29, ரெண்டாவது, ஆஸ்திரேலியாவுக்கு. மூணாவது ஆகஸ்டில் மெல்போர்னில்னு திட்டம். அதை அங்கத்திய நிர்வாகிகள் ஜூலை 4-க்கு, சிட்னிக்கே மாத்திட்டாங்க. எட்டு நாளில் மூணு டெஸ்ட். அணியில பாதிப் பேர் அடிபட்டுக் கிடக்கிறாங்க. மேலாளர்கள் மறுத்தும், ஆடியே ஆகணும்னு இங்கிலாந்துத் தலைமையிடமிருந்து தந்தி வந்தது.

ஆடினாங்க. அன்னைக்கு மாற்று வீரர் என்கிற பேச்சே கிடையாது. ஆள் விழுந்தா ஒரு ஆள் குறைவு, அவ்வளவுதான். ஃபிராங்க் வில்லியம்ஸுக்கு ஆரம்பத்திலேயே கால் போச்சு. டக்ளஸ் கிளார்க்குக்குக் கட்டை விரல் உடைஞ்சது, கட்டிக்கிட்டு வந்து ஆடினார். அப்புறம் காலர் போன் உடைஞ்சது. அதையும் கட்டிக்கிட்டு திரும்ப வந்து பார்த்தார், முடியல. அழுதுக்கிட்டே வெளியே போனார். பில்லி ஹால் தலையில அடிபட்டு நினைவில்லாம தூக்கிட்டுப் போகப்பட்டார்.

ஒரு கட்டத்தில் எதிரே 13 பேர், இந்தப் பக்கம் 10 பேர். 23 வயசு கேப்டன் ஹெரால்ட் வாக்ஸ்டாஃப் மிச்சம் இருந்தவங்களை வெச்சுத் தடுத்து நிறுத்தினார். முடிவு: பிரிட்டன் 14, ஆஸ்திரேலியா 6.

கணக்கைப் பாருங்க. ரெண்டு அணியும் ஆளுக்கு ரெண்டு ட்ரை, அதாவது ஆறு ஆறு புள்ளி. மிச்சம் எட்டு எங்கிருந்து வந்தது? ஆல்ஃப் வுட் காலில் இருந்து. நாலு கோல். தூய்மை கெட்டவர்னு ஆயுசுக்கும் தள்ளி வெச்ச அதே கால்.

1879-ல் ஆப்பிரிக்காவில் கொஞ்சம் பிரிட்டிஷ் வீரர்கள் பெரிய ஜூலு படையைத் தாக்குப்பிடிச்ச 'ரோர்க்ஸ் ட்ரிஃப்ட்' சண்டையோட பேரையே இந்த ஆட்டத்துக்கு வெச்சுட்டாங்க.

ஒரு டாக்டரா எனக்கு இதைப் படிக்கப் பெருமையா இல்ல, வயித்தைக் கலக்கிச்சு. காலர் போனுக்கு அடியிலதான் கைக்குப் போற பெரிய ரத்தக்குழாய் ஓடுது, நுரையீரலோட உச்சி இருக்கு. உடைஞ்ச எலும்போட இன்னொரு தடவை மோதறதுங்கிறது வீரம் இல்ல, அதிர்ஷ்டம். தலையில அடிபட்டு மயங்கினவரை அன்னைக்கு மறுபடி ஆட விடவே கூடாது. மூளை ஆறுறதுக்குள்ள ரெண்டாவது அடி விழுந்தா உயிரே போகலாம். இதை வீட்டுல கிரிக்கெட், கபடி, ஃபுட்பால் ஆடற பசங்க இருக்கிறவங்க குறிச்சு வெச்சுக்கோங்க. தலையில அடிபட்டு ஒரு நிமிஷம் தடுமாறினாலும் அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சது. டாக்டரைப் பாருங்க.

இன்னொரு கூத்து. ஒரு மாசத்துல உலகப் போர் வந்தது. ராணுவ அணிகளுக்காக ஆடலாம்னு பழைய சங்கம் தடையைத் தளர்த்திக்கிச்சு! வாக்ஸ்டாஃப், கிளார்க் எல்லாம் ராணுவ அணிக்காக யூனியன் ரக்பி ஆடி ஜெயிச்சுக் கொடுத்தாங்க. கிளார்க் போர்முனையில் விஷவாயுவுக்கு ஆளானார், மிலிட்டரி மெடல் வாங்கினார், 1920-ல் திரும்பவும் ஆஸ்திரேலியா போய் ஆடினார். போர் முடிஞ்சதும் தடை பழையபடி வந்துடுச்சு. பதுங்கு குழியில கூட நிக்கலாம், மைதானத்துல கூட நிக்கக் கூடாது.

அந்தக் கதவு எப்போ திறந்தது தெரியுமா? 1995 ஆகஸ்ட் 26. யூனியன் ரக்பியிலும் இனி காசு வாங்கலாம்னு அறிவிச்சாங்க. ஜார்ஜ் ஹோட்டல் கூட்டம் நடந்து நூறு வருஷம் ஆக மூணே நாள் பாக்கி. இன்னைக்கு யூனியன் வீரர்கள் லட்சக்கணக்குல சம்பாதிக்கிறாங்க. விளையாட்டு ஒண்ணும் அழிஞ்சு போகல.

படிச்சு முடிச்சப்ப விடிஞ்சிருந்தது. டீ குடிக்கும்போது எனக்குத் தோணினது அந்த சென்ட்ரிங் அண்ணன் முகம்தான். "உடம்பு முக்கியமா, காசு முக்கியமா?" 1893-ல் கை தூக்கின அந்த 282-ல் நானும் ஒருத்தன்.

எனக்கு டெங்கு வந்தப்ப பத்து நாள் மெடிக்கல் லீவ். மாசக் கடைசியில முழுச் சம்பளம் அக்கவுண்டுல வந்தது. எனக்கு ஓய்வுங்கிறது ஒரு ஃபாரம். அவருக்கு அது ஆறு வாரப் பட்டினி. ரெண்டு பேருக்கும் ஒரே மருந்துச்சீட்டு எழுதிட்டு, அவரைப் பேராசைக்காரர்னு நினைச்சிருக்கேன்.

மூணு வாரம் கழிச்சு அவரே வந்தார். நான் நினைச்ச மாதிரிதான். பலகை தூக்கியிருக்கார், வலி தாங்கல. எக்ஸ்-ரேயில எலும்பு முன்னைவிட விலகியிருந்தது. திட்டுவேன்னு எதிர்பார்த்து தலையைக் குனிஞ்சுக்கிட்டே நின்னார்.

"ஒரு நாள் கூலி எவ்வளவுண்ணே?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "தொள்ளாயிரம் சார்."

"ஒரு கையால செய்யற மாதிரி சைட்ல ஏதாவது வேலை இருக்கா?"

யோசிச்சார். சாமான் கணக்கு எழுதற வேலை இருக்கு, ஆனா மேஸ்திரி கொடுக்க மாட்டார் என்றார். அவர் போன்லயே மேஸ்திரியைக் கூப்பிட்டுப் பேசினேன். முதல்ல முனகினார், அப்புறம் ஒத்துக்கிட்டார். பாதிக் கூலி. ரிவ்யூவுக்கு, சைட்டுல லீவு விடற நாளா பார்த்துத் தேதி போட்டேன்.

இது பெரிய சாதனை இல்ல. பாதிக் கூலி பாதிக் கூலிதான், மிச்சத்தை அவர் எங்க கடன் வாங்கினாரோ எனக்குத் தெரியாது. ஆனா அடுத்த தடவை வந்தப்ப ஸ்லிங் கழுத்துல இருந்தது.

இப்பல்லாம் ஓய்வு எழுதறதுக்கு முன்னாடி "என்ன வேலை பார்க்கறீங்க, ஒரு நாளைக்கு எவ்வளவு?"ன்னு கேக்கறேன். ஓ.பி. கூட்டத்துல அதுக்கு அரை நிமிஷம் கூட ஆகறதில்ல.