ஒரு நாற்காலிக்கு நான்கு பேர்

நாய், பூனைகளுக்கான கிளினிக் ஒன்றைப் பற்றி விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது, அங்கே எத்தனை டாக்டர் இருக்கிறார்கள் என்பதைத்தான். சென்னையிலும் வெளியூர்களிலும் இத்தகைய கிளினிக்குகளில் வேலை நடக்கும்போது ஓரமாக நின்று கவனித்து வந்ததில், அந்தக் கேள்வி பாதியைத்தான் அளக்கிறது என்று எனக்குப் படுகிறது. மேசைக்கு இந்தப் பக்கம் டாக்டர் நிற்கிறார், அந்தப் பக்கம் இன்னொருவர். பெயர்ப்பலகையில் அவருக்கு இடமில்லை. பழைய கிளினிக்குகளில் கம்பவுண்டர் என்பார்கள், புதியவற்றில் ஹெல்ப்பர், அசிஸ்டெண்ட், சில நேரம் வெறும் ‘தம்பி’. இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் வேண்டும் என்பதை டாக்டர்களின் எண்ணிக்கையை வைத்தே பெரும்பாலும் முடிவு செய்கிறார்கள். ஒரு டாக்டருக்கு ஒருவர், கூட்டம் அதிகமானால் கூட ஒருவர். இந்தக் கணக்கு தொடங்கும் இடமே தவறு என்பது என் வாதம். டாக்டரின் வேலையை அவர் எடுக்கும் முடிவுகளால் அளக்கலாம். இரண்டாமவரின் வேலையை மணிநேரத்தால்தான் அளக்க முடியும். ஆகவே, ஒரு விலங்கை எத்தனை மணிநேரம் யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதிலிருந்துதான் அவர்களின் எண்ணிக்கை வர வேண்டும்.

முதலில் அந்த வேலையைப் பார்ப்போம். ஓ.பி. நேரத்தில் அது பிடிப்பதில் தொடங்குகிறது. பிடிப்பதற்கு உடல் பலம் போதும் என்று வெளியாளுக்குத் தோன்றும். தேர்ந்தவர்களோ பலத்தைக் கடைசியாகத்தான் எடுக்கிறார்கள். பூனையைத் துண்டில் சுற்றி ஒரு முன்காலை மட்டும் வெளியே விடுகிறார்கள். நாயின் தாடைக்குக் கீழே ஒரு கையும் வயிற்றைச் சுற்றி ஒரு கையுமாகத் தங்கள் உடம்போடு அணைத்துக்கொள்கிறார்கள். முழங்கை மடிப்பில் கட்டைவிரலை அழுத்தி இரத்தக்குழாயைப் புடைக்க வைத்து, வென்ஃப்ளான் ஊசிக்குழல் உள்ளே இறங்கியதும் விரலைத் தளர்த்துகிறார்கள். இதில் எதையும் டாக்டர் சொல்ல வேண்டியிருப்பதில்லை. காது பின்னுக்கு மடிவதையும் உடம்பு இறுகுவதையும் கண்டு, கடி விழும் முன்பே வாய்க்கட்டு போடலாம் என்று சொல்பவரும் இவர்தான். எடை பார்ப்பது, காய்ச்சல் பார்ப்பது, முடி மழிப்பது, கட்டு மாற்றுவது, கருவிகளை ஆட்டோகிளேவில் வைப்பது, எக்ஸ்ரேக்கு அசையாமல் கிடத்துவது, மாத்திரையை நாக்கின் அடிவரை தள்ளிக் கொடுக்க வீட்டாருக்குச் சொல்லித்தருவது என்று பட்டியல் நீளும். பழகிய ஆள் இல்லாத இடத்தில், ஐந்தரை ஆண்டு பி.வி.எஸ்சி. படித்தவர் ஒரு கையால் பிடித்து மறுகையால் ஊசி போடுகிறார். முடியாதபோது நாயின் சொந்தக்காரரையே பிடிக்கச் சொல்கிறார், கடி அவருக்கு விழுகிறது. இருந்தாலும் ஓ.பி. நேரத்துக்கு ‘ஒருவருக்கு ஒருவர்’ கணக்கு ஓரளவு பொருந்தும். விலங்கு மேசையில் இருக்கும் நேரமெல்லாம் டாக்டரும் அங்கேயே இருக்கிறார்.

அறுவைச் சிகிச்சையில் இந்த இரண்டு நேரங்களும் பிரிந்துவிடுகின்றன. டாக்டரின் கண் வெட்டிய இடத்தில் இருக்கிறது. மயக்கத்தில் கிடக்கும் உடம்பின் மற்ற எல்லாவற்றையும் வேறொருவர் பார்க்க வேண்டும். ஈறின் நிறம், ஈறை அழுத்தி விட்டால் 2 விநாடிக்குள் இரத்தம் திரும்புகிறதா என்பது, இமையைத் தொட்டால் வரும் அசைவு, தாடையின் இறுக்கம், மூச்சு எண்ணிக்கை, நாடி ஆகியவற்றை 5 நிமிடத்துக்கு ஒருமுறை தாளில் குறிக்க வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு டாக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுப்பவரால் இதைச் செய்ய முடியாது. கடைசித் தையல் விழுந்ததும் டாக்டர் அடுத்த நோயாளிக்குப் போய்விடுகிறார், ஆபத்தோ போய்விடுவதில்லை. பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை நடந்து, டேவிட் பிராட்பெல்ட்டும் சக ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், மயக்கம் தொடர்பாக இறந்தவை நாய்களில் 0.17 சதவீதம், பூனைகளில் 0.24 சதவீதம். நாய்களின் இறப்பில் ஏறக்குறைய பாதியும் பூனைகளின் இறப்பில் பாதிக்கு மேலும் அறுவை முடிந்த பிறகே நேர்ந்தன. அவற்றிலும் பெரும்பாலானவை முதல் 3 மணிநேரத்துக்குள். ஆள் குறைவால்தான் அவை இறந்தன என்று ஆய்வு சொல்லவில்லை. ஆபத்து எந்த நேரத்தில் குவிகிறது என்பதைக் காட்டுகிறது, என் வாதத்துக்கு அது போதும். நம் கிளினிக்குகளில் அந்த 3 மணிநேரத்தில்தான் தியேட்டரைக் கழுவுகிறார்கள், கருவிகளை மூட்டை கட்டுகிறார்கள், அடுத்த நாயை மேசையில் ஏற்றுகிறார்கள். அறுவை முடிந்த நாய் கூண்டில் கிடக்கிறது, எட்டிப் பார்க்க ஆள் உண்டு, உட்கார்ந்து பார்க்க ஆள் இல்லை.

உள்நோயாளிகளை வைத்துக்கொள்ளும் இடத்தில் கணக்கு இன்னும் கடுமையாகிறது. பார்வோ வைரஸ் தொற்றிய நாய்க்குட்டியை எடுத்துக்கொள்வோம். டாக்டரின் பங்கு, நோயைக் கண்டறிந்து மருந்தும் அளவும் எழுதுவதில் பெருமளவு முடிகிறது. பிறகு பிழைப்பதும் பிழைக்காததும் பல நாள் பராமரிப்பைப் பொறுத்தது. மணிக்கு 60 மில்லி ஏற்ற வேண்டிய நாய்க்கு, மில்லிக்கு 20 சொட்டு விழும் செட்டில் நிமிடத்துக்கு 20 சொட்டு வைக்க வேண்டும். நாய் காலை மடக்கினால் சொட்டு நின்றுவிடும், நீட்டினால் வேகம் கூடும். சின்னக் குட்டிக்குக் கணக்குத் தப்பிக் கூடுதலாக ஏறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். கழிச்சலைத் துடைத்துக் காயவைக்க வேண்டும், சூடு குறையாமல் பார்க்க வேண்டும், சர்க்கரை இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் குட்டியைத் தொட்டவர் அதே உடுப்போடு தடுப்பூசிக்கு வந்த குட்டியைத் தொடக் கூடாது. இதற்கு இரவும் பகலும் ஒரு நாற்காலியில் ஒருவர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 168 மணிநேரம். ஒருவர் 48 மணிநேரம் உழைத்தால் மூன்றரை ஆள் வருகிறது. விடுப்பு, காய்ச்சல், பண்டிகை எல்லாம் சேர்த்தால் நான்கு. ஒரு நாற்காலிக்கு நான்கு பேர். தியேட்டருக்கு ஒருவர், ஓ.பி.க்கு ஒருவர் என்று கூட்டினால் இரண்டு டாக்டர் உள்ள கிளினிக்குக்கு ஆறு பேர் தேவை. அங்கே இரண்டு பேர் மட்டும் இருந்தால், ‘24 மணிநேரம்’ என்ற பலகைக்குப் பின்னால் பகலெல்லாம் ஓடிய ஒருவர் இரவில் கூண்டறைப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார் என்று அர்த்தம். டாக்டர்களை நான்காக உயர்த்தினாலும் அந்த நாற்காலி காலியாகவே கிடக்கும்.

சம்பளம் எங்கிருந்து வரும் என்பது முதல் மறுப்பு, நியாயமானதும்கூட. அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டுத் தரவுகளை வைத்து 2010இல் வெளியான ஆய்வு ஒன்று, டாக்டர் ஒருவருக்குச் சான்று பெற்ற டெக்னீஷியன் ஒருவர் கூடும்போது அந்த டாக்டர் வழியாக வரும் மொத்த வருமானம் ஏறக்குறைய 93,000 டாலர் கூடியிருந்ததாகக் கண்டது. இதை அப்படியே இங்கே இறக்கிவைக்க மாட்டேன். அங்குள்ள கட்டணம் வேறு, கூலி வேறு. நன்றாக ஓடும் கிளினிக்தான் அதிகம் பேரை வைத்துக்கொள்கிறது என்றும் அந்த எண்ணைப் படிக்கலாம். ஆனால் அதற்குப் பின்னாலுள்ள இயக்கம் இங்கும் அதுவே. டாக்டர் முடி மழிக்கும் கால் மணிநேரம், வாசலில் இன்னொரு நோயாளி காத்திருக்கும் கால் மணிநேரம். வாசலில் யாரும் காத்திருக்கவில்லை என்றால் மிச்சமாகும் நேரத்தால் காசு வராது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சிற்றூரில் நாளுக்கு ஏழெட்டு நோயாளி பார்க்கும் டாக்டர் ஆறு பேரை வைத்துக்கொள்ள முடியாது, தேவையும் இல்லை. அவர் செய்ய வேண்டியது, இரவுக்கு விலங்குகளை வைத்துக்கொள்ளாமல் இருப்பது. என் கணக்கு எல்லோரையும் செலவு செய்யச் சொல்லவில்லை. இருக்கும் கைகளுக்குத் தகுந்த அளவில் வேலையை ஏற்கச் சொல்கிறது.

பயிற்சி மாணவர்களும் புதிதாகப் படித்து வந்த டாக்டர்களும் குறைந்த சம்பளத்துக்குக் கிடைக்கும்போது இந்த வேலைக்கென்று தனியாக ஒரு செவிலியர் எதற்கு என்பது இரண்டாவது மறுப்பு. பல இடங்களில் இப்படித்தான் சமாளிக்கிறார்கள். ஆனால் இளம் டாக்டர் அந்த நாற்காலியில் உட்கார்வது, சீக்கிரம் அதிலிருந்து எழுந்து போவதற்காக. அவர் மனம் நோயறிவதிலும் அறுவை கற்பதிலும் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அசையாமல் கிடக்கும் நாயைச் சில மணிநேரத்துக்கு ஒருமுறை புரட்டிப்போட்டுப் புண் வராமல் காப்பதைத் தன் தொழிலாக அவர் நினைப்பதில்லை. ஓராண்டில் அவர் போய்விட, அடுத்தவர் முதலிலிருந்து தொடங்குகிறார். இருபது ஆண்டாக நாய் பிடித்தவரின் கைக்குத் தெரிந்தது இப்படிச் சேராது. மானிட்டர் வாங்கிவிட்டால் ஆள் வேண்டாம் என்பாரும் உண்டு. முன் சொன்ன பிரிட்டிஷ் ஆய்வு, நாடியையும் ஆக்சிஜன் அளவையும் கண்காணித்த பூனைகளில் ஆபத்து குறைவாக இருந்ததைக் கண்டது உண்மைதான். ஆனால் நாக்கில் மாட்டிய கிளிப் நாக்கு உலர்ந்தாலே தவறாகக் காட்டும். கருவி கத்தும்போது கிளிப் நழுவியதா, மூச்சு நின்றதா என்று பார்த்துச் சொல்ல ஒருவர் அருகில் இருந்தாக வேண்டும்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. இவர்களுக்குப் பயிற்சியும் பட்டமும் கொடுத்தால் நாளை தனியாகக் கடை விரித்துப் போலி டாக்டர் ஆகிவிடுவார்கள் என்று டாக்டர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் பதிவேடு இல்லாத இன்றைய நிலையில்தான் அதற்கு வழி திறந்துகிடக்கிறது. யார் எங்கே பழகினார் என்பதற்கு ஏடு இல்லை, தவறு செய்தவரை நீக்க ஒரு பட்டியலும் இல்லை. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், பதிவுபெற்ற மருத்துவரே மருத்துவம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, தடுப்பூசி, காயடிப்பு, காயத்துக்குக் கட்டுப்போடுதல் போன்ற சிறு சேவைகளைச் சான்றிதழ் பெற்ற உதவியாளர்கள் மருத்துவரின் மேற்பார்வையில் செய்ய மாநில அரசு அனுமதிக்கலாம் என்கிறது. மாட்டையும் ஆட்டையும் மனத்தில் வைத்து எழுதிய வரி அது. மயக்க மருந்தும் கூண்டறையும் உள்ள நகரக் கிளினிக் அதில் இல்லை. பிரிட்டனிலும் இது மெதுவாகவே வளர்ந்தது. 1961இல் உதவியாளர்களுக்கான பயிற்சித் திட்டம் வந்தது. அங்குள்ள 1966ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவர் சட்டத்தில் 1991இல் செய்த திருத்தம், டாக்டரின் வழிகாட்டலில் சிகிச்சை அளிக்கவும், உடற்குழிக்குள் நுழையாத சிறு அறுவைகளைச் செய்யவும் பட்டியலில் உள்ள செவிலியருக்கு இடம் கொடுத்தது. 2007இல் பதிவேடு வந்தது. நோயைக் கண்டறிவது இன்றும் டாக்டரிடமே இருக்கிறது. எல்லையை எழுதி வைத்ததால்தான் எல்லை மீறலைக் காட்ட முடிகிறது. அங்கும் பதிவுபெற்ற செவிலியர்கள் டாக்டர்களைவிடக் குறைவுதான் என்பதையும் சொல்ல வேண்டும். சட்டம் மட்டும் நாற்காலியை நிரப்பிவிடாது.

மாடுகளுக்கு இந்தக் கணக்கு எப்படி என்று கேட்கலாம். 1976இல் தேசிய வேளாண் ஆணையம் 5,000 மாடுகளுக்கு ஒரு மருத்துவர் என்று பரிந்துரைத்தது. ஆள் பற்றாக்குறையைப் பேசுபவர்கள் இன்றும் அந்த எண்ணைத்தான் எடுக்கிறார்கள். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் நடமாடும் ஊர்தியிலாவது இருக்கைகளே விகிதத்தைச் சொல்கின்றன: ஒரு டாக்டர், ஓர் உதவியாளர், ஓட்டுநராகவும் கைத்துணையாகவும் ஒருவர். லட்சம் கால்நடைக்கு ஒரு வண்டி என்பது திட்டம். 2019 கணக்கெடுப்பில் 2.45 கோடி கால்நடை இருந்த தமிழ்நாட்டுக்கு 245 வண்டிகள். கிளினிக்கின் 168 மணிநேரக் கணக்கு இங்கே பொருந்தாது. பால்காய்ச்சலில் விழுந்த பசுவுக்குக் கால்சியம் ஏறும் நேரம் முழுக்க, வேகம் கூடினால் இதயம் நின்றுவிடும் என்பதால், டாக்டர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து அங்கேயே இருக்கிறார். பிறகு மாட்டைப் புரட்டுவதும் எழுப்புவதும் கண்காணிப்பதும் வீட்டுக்காரர்கள்தான். கிராமத்தில் இரவு நாற்காலியைக் குடும்பம் நிரப்புகிறது, அதற்குச் சம்பளக் கணக்கு இல்லை. அங்கே கால்நடை ஆய்வாளரும் பராமரிப்பு உதவியாளரும் சினை ஊசி, கோமாரித் தடுப்பூசி வேலைகளோடு, எதைக் கண்டால் உடனே கூப்பிட வேண்டும் என்று வீட்டாருக்குச் சொல்லித்தரவும் நேரம் பெற வேண்டும். அளவுகோல் ஒன்றே: விலங்கைப் பார்த்துக்கொள்ளும் மணிநேரத்தை யார் சுமக்கிறார்கள்? நகரத்தில் விடை மாறியதால்தான் எண்ணிக்கையும் மாற வேண்டியிருக்கிறது.

இதிலிருந்து செய்யக்கூடியவை இரண்டு. கால்நடைப் பல்கலைக்கழகமும் கவுன்சிலும் சேர்ந்து, சிறு விலங்குகளுக்கான செவிலியருக்கு ஒரு பாடத்திட்டம், ஒரு பதிவேடு, எழுதி வைத்த ஓர் எல்லை ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கொண்டுவர வேண்டும். ஏற்கெனவே பல ஆண்டு அனுபவம் உள்ள கம்பவுண்டர்கள் தேர்வெழுதி அதில் நுழைய வழி வேண்டும். அவர்களை வெளியே நிறுத்தும் பதிவேடு, சேர்ந்திருக்கும் அனுபவத்தைத்தான் முதலில் இழக்கும். சட்டம் வரும்வரை கிளினிக் நடத்துபவர் செய்யக்கூடியது அதைவிட எளிது. கூண்டுகளின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் முன் நாற்காலிகளின் எண்ணிக்கையைத் தீர்மானிக்க வேண்டும். ஒரு நாற்காலிக்கு நான்கு பேரை வைக்க முடியாதென்றால் மாலையில் கூண்டுகளைக் காலிசெய்து, பெரிய மருத்துவமனைக்கோ வீட்டுக்கோ அனுப்பிவிட வேண்டும். வருமானத்தில் கொஞ்சம் குறையும். ஆள் இல்லாத கவனிப்புக்குக் காசு வாங்கினோம் என்ற பழி வராது.