ஆற்றங்கரையில் ஒரு திங்கள்

பாசிர் பெனம்பாங் என்னும் பெயரிலேயே ஒரு தொழில் அடங்கியிருக்கிறது. மலாய் மொழியில் பாசிர் என்றால் மணல். பெனம்பாங் என்றால் கூலி பெற்று ஆட்களை அக்கரை சேர்க்கும் தோணி, அல்லது அதனைச் செலுத்துபவர். சிலாங்கூர் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில், கோல சிலாங்கூர் நகருக்கு எதிர்க்கரையில் உள்ளது இவ்வூர். இன்று பாலம் இருக்கிறது, தோணிக்காரர் இல்லை. பெயர் மட்டும் எஞ்சியது.

இவ்வூரில், ஆற்றைப் பார்த்தபடி அமைந்த ஒரு வாடகை அறையில், பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரும் அவர் துணைவியாரும் ஒரு திங்கள் தங்கினர். கோலாலம்பூரில் பணிபுரியும் மகன் அவர்களைத் தாய்லாந்தின் கோ சாமுய் தீவுக்கு அனுப்பவே விரும்பினான். "ஒரு மாசம் கடற்கரையில சும்மா இருந்துட்டு வாங்கப்பா" என்று சொல்லிப் படங்களையும் காட்டினான். தென்னைகளும் வெண்மணலும் மரத்துக்கு மரம் கட்டிய வலைத் தொட்டிலும் அவற்றில் இருந்தன.

ஆசிரியர் மறுத்ததற்குக் காரணம் செலவன்று. அவர் பிறந்த வீட்டில் தாய்லாந்து என்ற பெயர் வழங்கியதில்லை; சயாம் என்றே வழங்கியது, அதுவும் தாழ்ந்த குரலில். 1943ஆம் ஆண்டில் அவருடைய பெரியப்பா, ஜப்பானியரின் ரயில் பாதை வேலைக்காகத் தோட்டத்திலிருந்து கொண்டு செல்லப்பட்டார். சயாமையும் பர்மாவையும் இணைத்த அந்தப் பாதை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுடையது. அவ்வாண்டு அக்டோபரில் முடிவுற்றது. மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் பல்லாயிரவர் திரும்பவில்லை. பெரியப்பாவும் திரும்பவில்லை. இரவில் சோற்றுப் பானையைக் கழுவுமுன் பாட்டி ஒரு கைப்பிடிச் சோற்றைத் தனியே எடுத்து மூடி வைப்பதை ஆசிரியர் சிறுவனாக இருந்தபோது நாள்தோறும் கண்டவர். அந்தக் காடு வேறு, இந்தத் தீவு வேறு, காலமும் வேறு என்பதை அவர் அறியாதவர் அல்லர். "நல்ல நாடுதான். நீ பிள்ளைகளக் கூட்டிக்கிட்டுப் போய் வாப்பா. எனக்கு நம்ம ஆறு போதும்" என்றார்.

ஆனால் சும்மா இருப்பது நினைத்தவுடன் கைகூடவில்லை. முதல் வாரம் முழுவதும் அதிகாலை நாலரை மணிக்கே அவருக்கு விழிப்புத் தட்டியது. தோட்டத்தில் அவ்வேளையில் தப்போசை கேட்கும். இருள் பிரியாத பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். பிறகு வாழ்வு முழுவதும் பள்ளிக்கூட மணி. இப்போது தப்பும் இல்லை, மணியும் இல்லை. ஆனாலும் எழுந்து, குளித்து, சட்டையணிந்து, எங்கும் போக வேண்டாத மனிதராய் நாற்காலியில் அமர்ந்திருந்தார். துணைவியாரின் நிலை இன்னும் மோசம். மணமாகும் வரை பால்மரம் வெட்டியவர் அவர். பெருக்கிய தரையையே மறுபடியும் பெருக்கினார். மூன்றாம் நாள், பக்கத்து வீட்டுச் சீன மூதாட்டி கருவாட்டுக்கு மீன் கிழித்துக்கொண்டிருப்பதைக் கண்டு, கேளாமலே அருகில் அமர்ந்து தாமும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டார். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை மலாய்தான். அது போதுமானதாயிற்று.

ஆற்றுக்கென்று ஒரு கணக்கு உண்டு. நாளுக்கு இருமுறை நீர் ஏறும், இருமுறை வற்றும். ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தும். வற்றிய வேளையில் முகத்துவாரத்தில் சேறு மேலெழும். அப்போது படகு நகராது. ஆகவே ஒருநாள் நள்ளிரவிலும் மற்றொரு நாள் விடிந்த பின்னும் படகுகள் புறப்பட்டன. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி நீர் வீட்டுக் கால்களில் உயர ஏறி, அதே அளவுக்கு ஆழமாக இறங்கியது. 1982ஆம் ஆண்டின் முதல் நாளன்று தீபகற்பத்தின் கடிகாரங்களையெல்லாம் அரைமணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். அதற்காக இந்த ஆறு ஒரு நிமிடமும் முந்தியிருக்காது. ஆசிரியர் பழக்கத்தை விட முடியாமல் ஏற்ற வற்ற நேரங்களை ஒரு குறிப்பேட்டில் கோடிட்டு எழுதத் தொடங்கினார். வீட்டுக்காரரான முதிய மீனவர் அதைப் பார்த்துச் சிரித்தார். "சிக்கு, எழுத வேண்டாம், பார்த்தால் போதும்" என்று மலாயில் சொன்னார். குறிப்பேடு பத்தாம் நாளோடு நின்றது.

அதன் பின்னர்தான் நாள்கள் நாள்களாயின. காலையில் காப்பி. படகு வந்தால் மீன் வாங்கப் போவது. மலாயில் செனாங்கின் என்பது தமிழில் காலா என்றும், சியாகாப் என்பது கொடுவா என்றும் துணைவியாருக்குச் சொல்லிக்கொண்டே வருவார். "பேரச் சொன்னது போதும், விலையக் கேளுங்க" என்பார் அம்மையார். படகுகளின் மேல் செம்பருந்துகள் வட்டமிடும். வெண்கழுத்துடைய கருடனைக் கண்டால் அவ்வம்மையார் கன்னத்தில் போட்டுக்கொள்வார். ஆற்றங்கரையில் அது ஒரு வேளைக்கு இருபது முறை நிகழ வேண்டியிருந்ததால், இரண்டாம் வாரத்தில் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என்று குறைத்துக்கொண்டார்.

மாலைப் பொழுதில்தான் ஆசிரியருக்கு ஒரு வெட்கம் தோன்றியது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நெய்தல் திணையைக் கற்பித்தவர் அவர். கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல், சிறுபொழுது எற்பாடு, உரிப்பொருள் இரங்கல். மாணவர் ஒப்பிப்பர், அவர் மதிப்பெண் இடுவார். கடலுக்கு இத்தனை அருகில் பிறந்தும், வெயில் சாயும் வேளையில் கரையில் ஒருநாளேனும் அமர்ந்து பார்த்ததில்லை. ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கடல் என்பது கருவாட்டு வாசனைதான். இங்கே மலாக்கா நீரிணையில் கதிர் இறங்கும்போது, படகு திரும்பாத வீட்டுப் பெண் ஒருத்தி மேடையின் விளிம்பில் வந்து நின்று, முகத்துவாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். சிறிது நேரங்கழித்து மறுபடி வந்தாள். அவள் அழவில்லை, யாரிடமும் எதுவும் சொல்லவுமில்லை. ஆசிரியருக்குப் பாட்டியின் மூடி வைத்த சோறு நினைவுக்கு வந்தது. அன்று அவர் இரவு உணவின்போது அதிகம் பேசவில்லை. படகு எட்டு மணிக்கு வந்து சேர்ந்தது.

ஒருநாள் இரவு கம்போங் குவாந்தானுக்குச் சென்று துடுப்புப் படகில் மின்மினி பார்த்தனர். கரையிலுள்ள பெரெம்பாங் மரங்களில் ஆண் மின்மினிகள் ஒரே தாளத்தில், நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை மினுக்குகின்றன. அவற்றின் புழுக்கள் ஈரமான கரை நிலத்து நத்தைகளைத் தின்று வளர்பவை. ஆகவே கரையைத் திருத்தி எண்ணெய்ப்பனை நட்டால் நத்தை போகும், பின்னாலேயே இந்த விளக்கும் போகும். திரும்பும் வழியெல்லாம் எண்ணெய்ப்பனைதான். இந்நாட்டில் வணிகத்துக்காக எண்ணெய்ப்பனை முதன்முதலாக நடப்பட்டது 1917இல், இதே மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில். தோட்டத்தின் பெயரே தமிழ். நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். இங்குக் கண்டும் வாழ்ந்தும் அறிந்தவற்றைக் கொண்டு அவர் எழுதிய 'மலேசி' என்னும் நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. துரைக்கு ஆற்றைப் பார்க்கவும் அதனைப் பற்றி எண்ணவும் பொழுது இருந்தது. பெரட்டில் பெயர் கொடுத்தவர்களுக்கு அது இல்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு எழுபது வயதில்தான் வாய்க்கிறது.

நான்காம் வாரத்தில் ஒருநாள் ஆசிரியரை யாரோ உலுக்கினார்கள். கண் விழித்தபோது துணைவியார் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தார்; புறங்கையை அவர் மூக்கருகே கொண்டுசென்றவர் போலத் தெரிந்தது. அறை முழுவதும் வெளிச்சம்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லங்க. மணி ஏழரை ஆச்சு. இத்தன வருசத்துல நீங்க இவ்வளவு நேரம் தூங்கிப் பார்த்ததில்ல. அதான்."

ஆசிரியர் சன்னலைப் பார்த்தார். நீர் ஏறிக்கொண்டிருந்தது. "தண்ணி இன்னும் நிரம்பலியே" என்று சொல்லி, மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.