அன்றே பல் வைக்கலாமா?

பெங்களூரு ஈஜிபுராவில் 2017-இல் கட்டத் தொடங்கிய மேம்பாலத்தின் தூண்களைத் தாண்டிக் குறுக்குத் தெருவுக்குள் நுழைந்தால், கன்னடத்துக்கு இணையாகத் தமிழும் காதில் விழும். அங்கே ஒரு சிறிய பல் மருத்துவமனையில், பல் பிடுங்கிய அன்றே இம்ப்ளான்ட் என்னும் செயற்கை வேரைப் பொருத்தி, அதன்மேல் பல்லும் வைக்கும் சிகிச்சையை உடனிருந்து பார்க்க அனுமதி கிடைத்தது.

நாற்காலியில் ஐம்பதை நெருங்கும் ஓர் அம்மாள். மேல்வரிசை முன்பல்லின் வேரில் விரிசல். அடுத்த வாரம் மகளுக்கு நிச்சயதார்த்தம். "பல்லில்லாம சபையில எப்படி டாக்டர் நிக்கிறது?"

திரையில் தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன். முன்பல்லின் வெளிப்புற எலும்புச் சுவர் பலருக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. முரட்டுத்தனமாக இழுத்தால் உடைந்துவிடும். எனவே ஊசி போட்டு மரத்ததும், டாக்டர் மெல்லிய அலகுள்ள கருவியை வேரைச் சுற்றி நுழைத்து, நார்களை அறுத்து, பொறுமையாகப் பல்லைத் தளர்த்தி எடுத்தார். குழியைச் சுத்தம் செய்து, அண்ணத்தை ஒட்டிய எலும்பில் துளையிட்டார். இம்ப்ளான்ட்டான டைட்டானியம் திருகு குழியின் அடியையும் தாண்டி இறங்கியது. வெளிச்சுவரை ஒட்டிய இடைவெளியில் எலும்புத் தூளை நிரப்பினார்.

திருகின் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரென்ச் 35 நியூட்டன் சென்டிமீட்டரைக் கடந்தது. "இதுக்குக் கீழ இருந்தா இன்னைக்குப் பல் வைக்க மாட்டேன். கழற்றி மாட்டுற பல்லைக் கொடுத்து அனுப்பிடுவேன்" என்றார்.

காரணம் இருக்கிறது. 1965-இல் மனித வாயில் டைட்டானியம் இம்ப்ளான்ட் பொருத்திய ஸ்வீடனின் பிரோனமார்க், கீழ்த்தாடைக்கு 3 மாதம், மேல்தாடைக்கு 6 மாதம் காத்திருந்து பல் வைக்கும் முறையை வகுத்தார். முதல் நாள் கிடைப்பது திருகின் இறுக்கம் மட்டுமே. எலும்பு வந்து ஒட்டுவதற்குள், மூன்று நான்கு வாரங்களில் அந்த இறுக்கம் தளர்கிறது. அப்போது திருகு 150 மைக்ரானுக்கு மேல் அசைந்தால், எலும்புக்குப் பதில் நார்த்திசு வளர்ந்து இம்ப்ளான்ட் கழன்றுவிடலாம்.

தற்காலிகப் பல்லை மாட்டி, கார்பன் தாளைக் கடிக்கச் சொன்னார். மை ஒட்டிய இடத்தையெல்லாம் தேய்த்தார். தாடையை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் கீழ்ப்பல் அதைத் தொடாது என்று உறுதியாகும் வரை விடவில்லை.

"அம்மா, இது சிரிக்கத்தான், கடிக்க இல்ல. முறுக்கு, கரும்பு பக்கமே போகாதீங்க. நாலு மாசம் கழிச்சு நிரந்தரப் பல்."

"களி சாப்பிடலாமா டாக்டர்?"

"தாராளமா."

கண்ணாடியில் பார்த்த அந்த அம்மாளின் மகிழ்ச்சி உண்மையானது. இந்தச் சிகிச்சையின் பெருமையும் அதுதான். ஆனால் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர், புகைப்பவர், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர், வேரடியில் சீழ் கட்டியவர் போன்றோருக்குக் காத்திருப்பதே பெரும்பாலும் நல்லது. ஒரே நாளில் பல் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் முதலில் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்: திருகு போதிய இறுக்கத்தோடு நிற்காவிட்டால் என்ன செய்வீர்கள்? 'பல்லை இன்னொரு நாளுக்குத் தள்ளிவைப்பேன்' என்று தயங்காமல் சொல்பவரை நம்பி நாற்காலியில் உட்காரலாம்.