மூன்றரை அணாக் கடல்

செப்டம்பர் 6

நாகப்பட்டினத்துப் பெரியவரின் கட்டு வந்துவிட்டது. பழைய வேட்டித் துணியில் சுற்றி, மேலே பாலித்தீன் போட்டு, சணலால் இறுக்கிக் கட்டியிருந்தார். உள்ளே அவருடைய அப்பா பினாங்கிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்களின் உறைகள். அப்பா அங்கே ஒரு கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. 1930களில் போனவர், 1950களில்தான் ஒரேயடியாக ஊர் திரும்பினார். போனதும் வந்ததும் ரஜூலா கப்பலில். 1926இல் கட்டி, 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஆள் ஏற்றி இறக்கிய கப்பல் அது. அது கடலில் நிற்கிற மாதிரி நாலுக்கு மூன்றடியில் ஒரு படம் வேண்டும், முழுக்கத் தபால்தலையாலேயே செய்ய வேண்டும், அப்பாவின் உறைகளில் உள்ள தலைகளையே எடுத்துக்கொள்ள வேண்டும். இதுதான் அவர் கேட்டது.

பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் மூலை கிழிந்த உறைகள். போன் செய்தேன்.

"நான்தாம்மா கிழிச்சேன். ஸ்கூல்ல அப்போ ஸ்டாம்பு பைத்தியம். ஒரு முக்கோண ஸ்டாம்புக்கு அப்பாவோட ஸ்டாம்பு பத்தைக் குடுத்திருக்கேன்."

"மீதி இருக்கிறதை வச்சு ஒரு அலைகூடப் போட முடியாதுங்கய்யா."

"போடுறதைப் போடுங்க. நீங்க எப்படியும் சமாளிச்சுடுவீங்க" என்று வைத்துவிட்டார்.

செப்டம்பர் 9

முடிவு செய்துவிட்டேன். முழுசாக இருக்கிற உறை எதையும் நனைக்கப் போவதில்லை. முன்பக்கம் பினாங்கு முத்திரை, பின்பக்கம் நாகப்பட்டினம் முத்திரை, இரண்டிலும் தேதி. ஒரு கடிதம் கடலில் எத்தனை நாள் கிடந்தது என்று உறையைத் திருப்பினால் தெரிந்துவிடும். தலையை உரித்தால் அந்தக் கணக்கு போய்விடும். கட்டின் அடியில் உதிரியாகக் கிடந்த தலைகளை மட்டும் எடுத்துக்கொள்வேன். உறைகளைத் தனி ஆல்பத்தில் போட்டுத் திருப்பிக் கொடுப்பேன். பெரியவருக்கு அரை மனசு. ஒட்டு வேலை செய்கிறவள் எதையும் உரிக்கத் தயங்க மாட்டாள் என்று நினைத்திருப்பார் போல.

செப்டம்பர் 14

இன்று முழுக்க நீலம் தேடினேன்.

கடல் என்றதும் கட்டில் நீலம் கொட்டிக் கிடக்கும் என்று பெரியவர் எதிர்பார்த்தார். கிடையாது. தபால்தலையின் நிறத்தை ஓவியர் மட்டும் முடிவு செய்த காலம் அல்ல அது. 1874இல் பெர்னில் அமைந்த சர்வதேச அஞ்சல் ஒன்றியம், அந்த நூற்றாண்டின் இறுதியில் ஒரு நிற விதி வகுத்தது. வெளிநாடு போகும் அச்சுத்தாளுக்குப் பச்சை, அஞ்சலட்டைக்குச் சிவப்பு, கடிதத்துக்கு நீலம். எந்த நாட்டுத் தலையாக இருந்தாலும், எந்த மொழியில் விலை போட்டிருந்தாலும், தபால் பிரிக்கிறவர் நிறத்தைப் பார்த்தே காசு சரியா என்று சொல்லிவிடலாம். 1950களில்தான் அந்த விதியைக் கைவிட்டார்கள். இந்தியாவில் வெளிநாட்டுக் கடிதக் கட்டணம் மூன்றரை அணாவாக இருந்தபோது மூன்றரை அணாத் தலை நீலம். 1937 வரிசையின் ஒட்டகத் தபாலும் நீலம், 1949 வரிசையின் புத்தகயா கோயிலும் நீலம்.

ஆனால் பினாங்கும் நாகப்பட்டினமும் அப்போது ஒரே பேரரசுக்குள். உள்ளே போகிற கடிதத்துக்குச் சலுகைக் கட்டணம். அதனால் பெரியவரின் அப்பா வெளிநாட்டு நீலத்தை வாங்க வேண்டிய தேவையே பெரும்பாலும் வரவில்லை. கடல் கடந்து போய் வேலை பார்த்தவரின் கடிதங்களில் ஆரஞ்சும் சாம்பலும் சிவப்பும்தான். அவருடைய கடலை நான் அடுத்தவர் கடிதங்களிலிருந்துதான் எடுத்தாக வேண்டும்.

செப்டம்பர் 20

சென்னை ஜார்ஜ் டவுன். பழைய தாள் வியாபாரம் செய்யும் பாய் கடை. மூர் மார்க்கெட் 1985இல் எரிவதற்கு முன்னால் அங்கே கடை வைத்திருந்தவர்களிடம் தொழில் கற்றவர் அவர். தலைகளை உறைத் துண்டோடு சேர்த்து எடை போட்டுத் தருவார்.

"நீலம் மட்டும் பொறுக்கிக்கிறேன் பாய்."

"பொறுக்குற வேலையெல்லாம் இங்க கிடையாதும்மா. எடுத்தா மூட்டையோட எடு."

மூட்டையோடு எடுத்தேன். புதுத் தலைகள் இனி இப்படி மூட்டையாக வராது என்கிறார். அவர் சொல்வது நிஜம்தான். தபால் நிலையத்தில் இப்போது கவுன்டரிலேயே பட்டைக்கோட்டுச் சீட்டு அச்சாகி ஒட்டப்படுகிறது. பதிவுத் தபாலும் 2025இல் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது. தலை ஒட்டி, அதன்மேல் முத்திரை குத்தி, நாக்கில் ஈரம் பட்டு வந்த கடிதம் இப்போது யாருக்கு வருகிறது? எனக்கு மூலப்பொருள் என்பது 2000க்கு முந்தைய இந்தியா. அது இனிமேல் உற்பத்தியாகாது.

அக்டோபர் 2

காலையிலேயே ஒரு பள்ளியிலிருந்து போன். காந்தி தலைகளால் காந்தி முகம் செய்து தர முடியுமா என்று. மாட்டேன் என்றேன். காந்திக்கு 1948 ஆகஸ்ட் 15 அன்று வந்த நான்கு தலைகளும் சுவிட்சர்லாந்தில் அச்சானவை. அந்த அச்சின் நயத்தைப் பார்த்தால் வெட்டவோ மறைக்கவோ கை வராது. அது ஒரு பக்கம். அவர் முகத்தை அவர் முகத்தாலேயே நிரப்புவதில் செய்கிறவருக்கு என்ன வேலை மிச்சம்? தேயிலை பறிக்கிறவள், ரயில் என்ஜின், கோழிக்குஞ்சு என்று வேறு படத் தலைகளிலிருந்து ஒரு முகம் வந்தால் நின்று பார்க்கலாம்.

அக்டோபர் 11

நனைப்பு நாள். வெதுவெதுப்பான தண்ணீர், அகலமான பேசின், படம் மேலே பார்க்கும்படி மிதக்க விட வேண்டும். கால் மணி நேரத்தில் பசை விட்டு, தலை தானாக நழுவும். நழுவாததை இழுத்தால் முதுகுத்தாள் பெயர்ந்துவிடும். காக்கி உறை, சிவப்பு வாழ்த்து உறை இரண்டையும் தனிப் பேசினில் போட வேண்டும். சாயம் இறங்கி மற்றதையெல்லாம் கெடுத்துவிடும். ஊதா ரப்பர் ஸ்டாம்பு மையும் அப்படித்தான். தபால் நிலையக் கறுப்பு மை எண்ணெய் மை, அசையாது. பசை போக இரண்டாம் தண்ணீர். பிறகு பழைய வேட்டியில் குப்புறப் பரப்பி, முக்கால் காய்ச்சலில் எடுத்துச் சென்னை டெலிபோன் டைரக்டரிக்குள் வைத்துவிடுவேன். இந்த வீட்டில் டைரக்டரிக்கு அது ஒன்றுதான் வேலை.

இப்போது வெளிநாடுகளில் வரும் ஸ்டிக்கர் தலைகள் பல, தண்ணீருக்கு மசிவதில்லை. அவற்றை நான் வாங்குவதே இல்லை.

அக்டோபர் 12

சேகரிப்பாளர் நண்பர் ஒருவர் வந்தார். வேட்டியில் காய்கிற ஒட்டகங்களைப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் போர்டுல ஒட்டப் போறீங்களா? பாவம்ங்க" என்றார். பல் உடைந்தது, முத்திரை பூசி முகம் மறைந்தது, ஓரம் மடங்கியது இவைதான் நான் எடுப்பவை என்று காட்டினேன். அவர் குப்பையில் போடுவது எனக்குச் சரக்கு. அப்படியும் அவர் சமாதானமாகவில்லை.

அவருக்கு ஒரு பழைய கதை சொன்னேன். உலகின் முதல் ஒட்டும் தபால்தலை 1840இல் இங்கிலாந்தில் வந்தது. அடுத்த ஆண்டே லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் ஓர் இளம்பெண் விளம்பரம் கொடுத்தாள். தன் ஒப்பனை அறைச் சுவர் முழுக்கப் பயன்படுத்திய தபால்தலைகளை ஒட்ட ஆசை, நண்பர்கள் உதவியால் 16,000 சேர்ந்துவிட்டது, இன்னும் வேண்டும் என்று. சேகரிப்பின் வரலாறு எழுதுகிறவர்கள் பலரும் அவளில் இருந்துதான் தொடங்குகிறார்கள். அவள் ஆல்பம் வைத்தவளே அல்ல. ஒட்டினவள்.

"அவ்வளவு பென்னி பிளாக்கையும் சுவத்துலயா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். காபி குடித்துவிட்டுப் போகும்போது இரண்டு புத்தகயாவைக் கொடுத்துவிட்டுப் போனார், டூப்ளிகேட்டாம்.

அக்டோபர் 26

நிறம் பிரித்தல். காலை ஏழு முதல் ஒன்பது வரை கிழக்கு ஜன்னல் வெளிச்சம். அதற்குப் பிறகு பார்க்கிற நீலம் எதையும் நம்பக் கூடாது, டியூப் லைட்டில் பார்ப்பதை அறவே கூடாது. ஒரே ஒட்டகத் தலை, பல தடவை அச்சானதால், ஒவ்வொரு மையிலும் ஒரு நீலம். வெயில் பட்டவை வெளிறிக் கிடக்கின்றன. அவை அடிவானத்துக்கு. கனமான முத்திரை விழுந்து கறுத்தவை கப்பலின் அடியில் விழும் நிழலுக்கு. நான் தலையைக் கத்தரிப்பதில்லை. ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, ராஜா தலையை மறைத்து, பல் ஓரத்தின் வெள்ளையை மட்டும் வெளியே விடுகிறேன். நுரை தானாக வந்துவிடுகிறது. தூரிகையால் ஒரு வாரம் உட்கார்ந்தாலும் எனக்கு அந்த நுரை வராது.

நவம்பர் 4

மழை. எதுவும் காயவில்லை. பசை தடவாத தலைகள்கூடச் சுருண்டுகொள்கின்றன. வாங்கி வைத்திருந்த புதுத் தலைகள், பசை முதுகோடு இருப்பவை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இடையில் பட்டர் பேப்பர் வைத்தும் பயனில்லை.

ஒரு மாணவி கேட்டாள், மைதாப் பசை போதாதா என்று. சுவரொட்டிக்குப் போதும். மைதா இருக்கிற இடத்துக்கு ராமபாணப் பூச்சி தேடி வரும். மயில்துத்தம் கலந்தால் பூச்சி வராது, ஆனால் நாளடைவில் தாளுக்கு அது நல்லதில்லை. நான் வைத்திருப்பது மெத்தில் செல்லுலோஸ். பூச்சிக்கு அதில் ருசி இல்லை. பிடிக்கவில்லை என்றால் ஈரம் காட்டிக் கழற்றியும் விடலாம். எனக்குப் பிறகு யாராவது இந்தக் கடலைப் பிரித்து ஒட்டகங்களை மீட்க நினைத்தால் முடியும்.

நவம்பர் 15

உறைகளைத் தேதிவாரியாக அடுக்கினேன். 1941 நவம்பரில் ஒன்று, ஓரத்தில் தணிக்கைச் சீட்டு ஒட்டியது. அடுத்த உறை 1945 கடைசியில். நடுவில் ஒன்றுமே இல்லை.

1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கைப் பிடித்தார்கள். ஊருக்குக் கடிதம் போக வழியில்லை. கையிருப்பில் இருந்த மலாயாத் தலைகளின் மேலேயே தங்கள் பெயரையும் 2602 என்ற ஆண்டையும் குத்தி விற்றார்கள். அவர்களுடைய நாட்காட்டியில் அது 1942. போர் முடிந்து பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் திரும்பியதும் அவர்களும் அதே வேலையைச் செய்தார்கள். பழைய ராஜா தலைமீது 'பிஎம்ஏ மலாயா' என்று அடித்தார்கள். பெரியவர் வீட்டுக்கு அப்பா உயிரோடு இருக்கிற சேதி வந்தது அந்த மேலச்சுத் தலையோடுதான்.

போனில் சொன்னேன். அவருக்கு அந்த 2602 தலை வேண்டுமாம், விலை கொடுத்து வாங்கிப் படத்தில் சேர்க்க வேண்டுமாம். "அப்பா அங்கதானேம்மா இருந்தாரு அப்போ?" இருந்தார். ஆனால் அந்தத் தலை ஒட்டிய கடிதம் எதுவும் இந்த வீட்டுக்கு வரவில்லை. வராத கடிதத்துக்குத் தலை ஒட்டுவது எனக்குச் சம்மதமில்லை என்றேன். கொஞ்சம் சூடாகத்தான் பேசினோம். ஒட்டவில்லை.

நவம்பர் 29

கப்பல் முடிந்தது. உடம்புக்கு ஒரு சென்ட் கறுப்புத் தலைகள். புகைபோக்கி கறுப்பு, அதில் இரண்டு வெள்ளைப் பட்டை, ரஜூலாவை ஓட்டிய கம்பெனியின் அடையாளம். வெள்ளைக்குத் தலைகளின் தாள் ஓரம், படம் இல்லாத வெற்றுக் காகிதம். கட்டில் கிடைத்த பிஎம்ஏ உதிரி ஒன்றை மேல்தளத்தில், ஆள் நிற்கிற உயரத்தில் வைத்தேன்.

ஒட்டி முடித்ததும் ஜெர்மன் கலைஞர் குர்த் ஷ்விட்டர்ஸ் நினைவுக்கு வந்தார். ட்ராம் டிக்கெட்டையும் தபால்தலையையும் உறைக் காகிதத்தையும் ஒட்டிப் படம் செய்தவர். நாஜிகளுக்குத் தப்பி 1937இல் நார்வே, 1940இல் பிரிட்டன் என்று ஓடினவர். போன இடத்துக் குப்பையை எடுத்து அங்கேயே வேலையைத் தொடர்ந்தார். இந்தத் தொழிலில் அது ஒரு வசதி. பெயின்ட் வாங்கக் காசு இல்லாதபோதும் தெருவில் காகிதம் இருக்கும்.

டிசம்பர் 13

பெரியவர் மகளோடு சென்னைக்கே வந்துவிட்டார். தள்ளி நின்று பார்த்தபோது ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பைக்குள்ளிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கிட்டே போனார். எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள். அதன்பிறகு கப்பலை யாரும் பார்ப்பதில்லை.

"என்னம்மா இது, நாகப்பட்டினத்துக் கடல்ல ஒட்டகம்?"

"ஒட்டகத் தபால்ங்கய்யா. அதே வரிசையில கப்பல் தபாலும் உண்டு, ஆறணா."

"அதை வச்சீங்களா?"

"இல்லீங்க. அது பச்சை."

சிரித்துவிட்டார். மகள் சிரிக்கவில்லை; எந்தெந்த ஊர் முத்திரை படிக்க முடிகிறது என்று விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். கொழும்பு ஒன்று, கராச்சி ஒன்று, ரங்கூன் ஒன்று. "இவங்க எல்லாம் யாரு?" என்று கேட்டார். பாய் மூட்டையில் வந்தவர்கள் என்றேன்.

பாக்கித் தொகையில் ஆல்பத்துக்கான காசைச் சேர்க்கலாமா கூடாதா என்று அரை மணி நேரம் பேச்சு. உறையை நனைக்காதது என் முடிவு, அதனால் ஆல்பம் என் செலவு என்றார் பெரியவர். கணக்குக்கு அது சரிதான். கிராணி வீட்டுப் பிள்ளை.