பதினெட்டு இறகுகள்

சீனிவாசபுரம் குடியிருப்பின் கடைசிக் கட்டடத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரு ஃபைபர் படகு கவிழ்ந்து கிடக்கிறது. பட்டினப்பாக்கத்தில் காலை நடையை நான் அதன் நிழலில்தான் முடித்துக்கொள்வேன். வெயில் உச்சிக்கு ஏறும்வரை உட்காரலாம். தெற்கே அடையாற்றின் கழிமுகமும் உடைந்த பாலமும் தெரியும். அங்கே யாரும் என்னை ஏனென்று கேட்பதில்லை. நானும் பேச்சுக் கொடுப்பதில்லை.

படகைப் பழுதுபார்ப்பவருக்கு அறுபது தாண்டியிருக்கும். முன்பு கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுக்க ஃபைபர் படகுகள் வந்திறங்கியபோது ரெசின் வேலை கற்றுக்கொண்டாராம். வலை பிரிக்கிறவர்களிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்திருக்கிறது. விரிசல் கண்ட இடத்தை முதலில் உப்புத்தாளால் தேய்ப்பார். தூசியைத் தட்டுவார். அசிட்டோனில் நனைத்த துணியால் ஒரே திசையில் இழுத்துத் துடைப்பார். துடைத்த இடத்தில் அதன்பின் அவர் விரல்கூடப் படாது. குழந்தைகள் ஓடிவந்தால் கையைப் பிடித்துத் தள்ளி நிறுத்திவிடுவார். அதற்கப்புறம்தான் கண்ணாடி இழை விரிப்பும் ரெசினும். ஒட்டுகிற வேலை அரை மணி நேரம் என்றால் துடைக்கிற வேலை ஒரு மணி நேரம்.

அந்தச் சனிக்கிழமை அவருடைய பேத்தி கையில் ஓர் அட்டைக் குழலோடு வந்தாள். ஒன்பதாவதோ பத்தாவதோ படிப்பவள். எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டிருந்தாள். குழலைக் கவிழ்த்ததும் ஆறு அம்புகள் படகின் மேல் உருண்டன.

கழிமுகத்துக்கு அந்தப் பக்கம், பெசன்ட் நகரில் வாழ்ந்த ஷிஹான் ஹுசைனி இந்த ஊரில் எத்தனையோ பேர் கையில் வில்லைக் கொடுத்தவர். 2025 மார்ச் 25இல் மறைந்தார். ஆனால் இந்தப் பக்கத்துக் கரையில் அம்போடு ஒரு பிள்ளையை நான் பார்த்தது அன்றுதான்.

மூங்கில் அம்புகள் அல்ல, அலுமினியம். ஒவ்வொன்றின் மேலும் 1816 என்று எண் பொறித்திருந்தது. அது என்ன கணக்கு என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஓர் அங்குலத்தை 64 பங்காக்கினால் அதில் 18 பங்கு இந்தக் குழலின் பருமன். அங்குலத்தில் ஆயிரத்தில் 16 பங்கு அதன் சுவரின் தடிப்பு. அதாவது ஏழு மில்லிமீட்டர் பருமனுள்ள குழல், அரை மில்லிமீட்டர்கூட இல்லாத சுவர். மர அம்பு ஒன்றுக்கொன்று எடையிலும் வளைவிலும் மாறும், ஒத்த அம்புகள் ஆறு கிடைப்பதே கஷ்டம். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் அமெரிக்காவின் டக் ஈஸ்டன் 1939இல் அலுமினியத்தில் அம்பு செய்ய ஆரம்பித்தார். இன்று பெரிய போட்டிகளில் கார்பன் வந்துவிட்டது. விலை குறைவு, லேசாக வளைந்தால் நிமிர்த்திக்கொள்ளலாம் என்பதால் கற்கிறவர்களிடம் அலுமினியம் இன்னும் புழங்குகிறது.

அம்புக்கு மூன்று இறகு. ஆனால் அந்த ஆறில் ஒன்றுகூட முழுசாக இல்லை. ஒன்றில் இரண்டு இறகு, ஒன்றில் ஒன்று, இன்னொன்றில் பாதி கழன்று தொங்கியது.

"தாத்தா, மறுபடியும் வந்துட்ச்சு."

"இன்னாத்துல ஒட்டுன?"

"ஃபெவிக்விக்."

"அதுக்கு முந்தி தொடச்சியா?"

"துப்பட்டால தொடச்சேன்."

கிழவர் ஒன்றும் சொல்லவில்லை. கழன்று விழுந்த இறகு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதன் அடித்தண்டில் பசை முழுக்க அப்படியே இருந்தது, ஒரு கண்ணாடிக் கீற்றுபோல. அம்பைத் திருப்பிப் பார்த்தார். உலோகத்தில் பசையின் சுவடே இல்லை. சுற்றிலும் வெள்ளையாகப் புகை படிந்தாற்போல ஒரு மங்கல், அவ்வளவுதான். பசை இறகைப் பிடித்திருக்கிறது, அம்பைப் பிடிக்கவே இல்லை.

அந்த வகைப் பசை காற்றிலிருக்கும் ஈரத்தை வாங்கித்தான் இறுகுகிறது. கடற்கரை ஈரத்தில் அதற்கு அவசரம் அதிகம். இறகு சரியாக உட்காருமுன்னே இறுகிவிடும். மிச்ச ஆவி வெள்ளையாகப் படியும். இறுகிய பிறகு நொறுங்கும் தன்மையும் உண்டு. அம்பு இலக்கில் மோதி அதிரும்போது முதலில் விட்டுக்கொடுப்பது அதுதான்.

இறகு போனால் போகட்டும் என்று விட முடியாது. நாணிலிருந்து கிளம்பும் அம்பு நேராகப் போவதாகக் கண்ணுக்குத் தோன்றினாலும் அது மீனைப்போல் பக்கவாட்டில் நெளிந்துகொண்டுதான் போகிறது. பின்னால் இருக்கும் இறகுதான் காற்றைப் பிடித்து வாலை அடக்கி நேராக்குகிறது. சற்றே சாய்த்து ஒட்டினால் அம்பைச் சுழலவும் வைக்கும். உள்ளரங்கப் போட்டியில் இலக்கு 18 மீட்டர் தூரம்தான். அதற்குள் அம்பு அடங்கியாக வேண்டும். பிளாஸ்டிக்கிலும் இறகு உண்டு, மழைக்கு அது அஞ்சாது. ஆனால் வான்கோழி இறகு வில்லில் உரசினாலும் மடிந்து வழிவிட்டு, தாண்டியதும் நிமிர்ந்துகொள்ளும். அந்தக் குணம் பிளாஸ்டிக்குக்கு இல்லை.

கிழவர் பக்கத்தில் இருந்த பாட்டிலைச் சாய்த்து அம்பின் வால்பக்கம் நீர் விட்டார். சேப்பங்கிழங்கு இலையில் நிற்பதுபோல் நீர் முத்து முத்தாக நின்றது. அவள் முகத்தைப் பார்த்தார். அவளுக்குப் புரியவில்லை.

"ஊட்ல சபீனா கீதா?"

ஓடிப்போய்ப் பாத்திரம் தேய்க்கும் அந்தப் பொடிப் பாக்கெட்டோடு வந்தாள். பழைய பசையை முதலில் மழுங்கிய கத்தியின் முதுகால் சுரண்டினார், வண்ணப் பூச்சில் கீறல் விழாமல். அசிட்டோன் துணியால் ஒருமுறை துடைத்தார். (அலுமினியத்துக்கு இதனால் கேடில்லை. கார்பன் அம்புகளை இப்படிக் கரைப்பான்களில் ஊறவிடக் கூடாது என்கிறார்கள்.) பிறகு ஈரத் துணியில் சபீனாவைத் தொட்டு வால்பக்கத்து நான்கு அங்குலத்தைத் தேய்த்தார், சோற்றுப்பானையின் கழுத்தைத் தேய்க்கிற மாதிரி. கழுவி மறுபடி நீர் விட்டார். இந்தத் தடவை முத்து இல்லை. நீர் ஒரே தோலாகப் பரவி வழிந்தது.

"பாத்துக்க" என்றார். அன்று அவர் பேசியதில் விளக்கம் என்று சொல்லத்தக்கது அந்த ஒரு சொல்தான்.

கடைசி அலசலுக்கு மட்டும் குழாய்த் தண்ணீரை வேண்டாமென்று, கேன் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். போர்த் தண்ணீர் காய்ந்தால் உப்புப் பூக்கும் என்பது இந்தக் கரையில் எல்லா எவர்சில்வர் குடமும் சொல்லும். மீன் வரும் பழைய தெர்மாகோல் பெட்டியைக் கவிழ்த்து, அதில் அம்பின் முனையைக் குத்தி நிறுத்தினார். காலை நேரம் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. "காத்து மார்றதுக்குள்ள முடி" என்று மீதி ஐந்தையும் அவளிடம் கொடுத்துவிட்டுப் படகுக்குப் போனார்.

இரண்டாவது அம்பை அவள் நன்றாகத்தான் தேய்த்தாள். அலசினாள். நீர் பரவியது, ஆனால் ஓரிடத்தில் மட்டும் விலகி நின்றது. மறுபடி தேய்த்தாள். மறுபடியும் வேறோர் இடத்தில், கட்டைவிரல் அளவுக்கு. அவள் தேய்க்கும்போதெல்லாம் முன்னால் விழுகிற பின்னலை எடுத்துப் பின்னால் போட்டுக்கொண்டதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் விரலில் தேங்காயெண்ணெய். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. தவறைத் தானே கண்டுபிடிக்கப்போகிறவளிடம் அதைப் பறித்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

மூன்றாவது முறை நீர் விலகியதும் அவள் தன் விரலை முகர்ந்து பார்த்தாள். பிறகு, தாத்தாவின் தோளிலிருந்த துண்டை எடுத்து இரண்டு பின்னலையும் சேர்த்துத் தலையோடு கட்டினாள். கையைச் சபீனா போட்டுக் கழுவினாள். கிழவர் திரும்பிப் பார்த்துவிட்டு ரெசின் கலக்கப் போய்விட்டார்.

பசை விஷயத்தில்தான் சின்னத் தகராறு.

"சார் குடுத்த டியூப் கீது தாத்தா. ஆனா அது காய லேட்டாவுது."

"லேட்டாவட்டும்."

அம்புக்கென்றே வரும் பசை அது. வில்வித்தை வகுப்பிலிருந்து இரவல் வாங்கிய ஜிக்கைக் குழலோடு கொண்டுவந்திருந்தாள். அம்பைப் படுக்கவைத்து, இறகைக் கிளிப்பில் கவ்வி, தண்டு நெடுக மெல்லிய கோடாகப் பசை வைத்து, அம்போடு சேர்த்து அழுத்தி நிறுத்தும் சிறு கருவி. ஒன்றை ஒட்டினால் பத்து நிமிஷம் தொடாமல் இருக்க வேண்டும். பிறகு திருகினால் அம்பு 120 பாகை சுற்றும், அடுத்த இறகு. நாண் கவ்வும் வெட்டுக்கு நேர் குறுக்காக நிற்கும் இறகு மட்டும் வேறு நிறம். மூன்றும் பறவையின் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து வந்தவையாக இருக்க வேண்டும். இடதையும் வலதையும் கலந்தால் ஒன்று சுழற்றுவதை இன்னொன்று தடுக்கும். அவள் ஒவ்வொன்றாக விரலால் வளைவு பார்த்துப் பிரித்து வைத்தாள். ஒட்டி முடிந்ததும் இறகின் இரண்டு நுனியிலும் ஒரு துளி பசை. முன் நுனி தூக்கிக்கொண்டிருந்தால் அம்பு போகும்போது கையைக் கிழித்துவிடும்.

ஆறு அம்பு, பதினெட்டு இறகு, பத்துப் பத்து நிமிஷமாக மூன்று மணி நேரம். நிழல் சுருங்கிக்கொண்டே வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. செல்போன் இருந்தும் அந்தப் பெண் அதை ஒருமுறையும் எடுக்கவில்லை. பத்து நிமிஷம் கிளிப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். இந்த வயதில் ஒரு பிள்ளை அப்படிக் காத்திருப்பதைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்தது. கடைசி இறகின்போது காற்று மாறி கடலிலிருந்து அடிக்க ஆரம்பித்தது. கிளிப் வழுக்கியது. சட்டென்று கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்து, மறுபடி கவ்வவைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை அதே இடத்தில் குழலைக் கவிழ்த்தாள். வாரம் முழுக்க எய்த அம்புகள்; முனைகளில் இலக்கு அட்டையின் நிறம் அப்பியிருந்தது. கிழவர் படகுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, ஒவ்வொரு இறகின் கீழும் நகத்தை வைத்து நெம்பிப் பார்த்தார். பதினேழு அசையவில்லை. ஆறாவது அம்பில் ஓர் இடம் காலி.

"அது கடைசிது தாத்தா. கிளிப் வழுக்குனப்போ கம்பி மேல கை பட்டுட்ச்சு."

சொல்லிவிட்டு, சபீனா எடுத்துவரப் படியேறிப் போனாள்.