அந்தப் பெட்டி எனக்குச் சொல்லுமா?

வீட்டுக்கு ஒரு மிக்ஸி வாங்க வேண்டுமென்றால் எத்தனை கடை ஏறி இறங்குகிறோம்! ஜாடி எப்படி, சத்தம் எப்படி, ரிப்பேரென்றால் யார் வருவார்கள் என்று துருவித் துருவிக் கேட்கிறோம். ஆனால் வீட்டுப் பிள்ளை மலையேறப் புறப்பட்டு, வழி காட்டும் கருவி வாங்கப் போகிறேன் என்றால் மட்டும், "அதெல்லாம் உன் சமாசாரம்" என்று ஒதுங்கிக்கொள்கிறோம். அப்படி ஒதுங்கக் கூடாது என்பது என் கட்சி.

சோமனூரில் என் சித்தியின் வீடு இருக்கிறது. விசைத்தறிகள் ஓயாமல் தடதடக்கும் தெரு. சித்தியின் மகனுக்கு இரண்டு வருஷமாக மலைப் பைத்தியம். ஆனைமலைப் பக்கம் நடக்கப் போவதற்கு ஜி.பி.எஸ். கருவி ஒன்று வாங்க வேண்டுமாம். பத்திரிகைக்காரி அக்கா விசாரித்துச் சொல்ல வேண்டுமாம்!

"செல்போனிலேயே அது இருக்கிறதே, தம்பி?" என்றேன்.

இருக்கத்தான் இருக்கிறது. டவர் இல்லாத காட்டிலும் செல்போன் இடத்தைக் கண்டுபிடிக்கும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால் போதும். ஆனால் டவரைத் தேடித் தேடியே அதன் பாட்டரி தீர்ந்துவிடும். மழையில் விரல் நனைந்தால் தொடுதிரை சொன்னபடி கேட்காது. தனிக் கருவிக்கு அவசியம் ஏற்படுவது இங்கேதான்.

அது வேலை செய்யும் விதத்தைத் தம்பி சித்திக்கு விளக்கிய அழகே அழகு. "பாவும் ஊடையும் குறுக்கே வெட்டுற இடம் இருக்குதல்லம்மா? அந்த மாதிரி பூமி பூராக் கோடு போட்டு, நாம எந்த முடிச்சில நிக்கிறோம்னு சொல்லும்!" சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன. அது வந்து சேரும் தாமதத்தைக் கொண்டு கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. நான்கு கோள்களாவது கண்ணில் பட்டால்தான் கணக்குச் சரியாக வரும். 1802-ல் லாம்டன் துரை சென்னைப் பரங்கிமலையில் தேசத்தை அளக்கத் தொடங்கியபோது, அவருடைய கோணமானியின் எடை ஏறக்குறைய அரை டன். இன்றோ உள்ளங்கையில் அடங்குகிற பெட்டி!

எதைப் பார்த்து வாங்குவது? விசாரித்ததில் தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, பாட்டரி. பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதாரண பென்சில் செல்லில் ஓடுவது நல்லது; தீர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவது, பட்டன். ஈரக் கையோடும் அழுத்தலாம். மூன்றாவது, திசைகாட்டி. மலிவான சில கருவிகளில் தனித் திசைகாட்டி இருக்காது. நடந்தால்தான் திசை தெரியும், நின்றால் தெரியாது. வழி தவறியவன் செய்யும் முதல் காரியம் நிற்பதுதானே? நான்காவது, அமெரிக்க ஜி.பி.எஸ்ஸுடன் ரஷ்யா, ஐரோப்பா, நம் நாட்டு நாவிக் என்று பிற கோள்களையும் பிடிக்கிறதா என்பது. அடர்ந்த மரமும் பாறைச் சரிவும் வானத்தை மறைக்கிற இடத்தில், எத்தனை கோள் தெரிகிறதோ அத்தனை நல்லது. வந்த வழியே திருப்பி அழைத்துப் போகும் வசதி இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் சித்தி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏன் அம்மிணி, அந்தப் பெட்டி இவன் எங்கிருக்கான்னு எனக்குச் சொல்லுமா?"

நானும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சொல்லாது. அது கேட்கும் கருவியே தவிர, பேசும் கருவியல்ல. நீ இருக்குமிடத்தை உனக்குச் சொல்லும். வாசலைப் பார்த்துக் காத்திருக்கும் தாய்க்குச் சொல்லாது.

செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவிகளும் உண்டு. ஆனால் நம் நாட்டில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி அவற்றை வைத்திருப்பது குற்றம். தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பிரயாணிகள் விமான நிலையத்திலேயே பிடிபட்டிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து யாராவது அன்பளிப்பாகக் கொடுத்தாலும் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்க முடியுமா? அவர்களில் பெண்கள் பலர். நெருப்பு சூழ்ந்த மலையில், நிற்குமிடம் தெரிந்து என்ன பயன்? எந்தக் கருவியும் வனத்துறை அனுமதிக்கும், காடறிந்த வழிகாட்டிக்கும் ஈடாகாது. 2024-ல் தமிழக அரசு 40 மலைப் பாதைகளை வழிகாட்டிகளோடு திறந்துவிட்டதும் இதற்காகத்தான்.

ஆகவே தம்பிக்கு இரண்டு சாமான்கள் தேவை என்று தீர்ப்புச் சொன்னேன். ஒன்று, பென்சில் செல்லில் ஓடும், பட்டன் வைத்த, திசைகாட்டியுள்ள கருவி. மற்றொன்று, கால் காசு பெறாத ஒரு காகிதம். எந்தப் பாதை, யார் யார் கூட, வழிகாட்டியின் பெயர், வன அலுவலகத்தின் எண், திரும்பும் நேரம். எல்லாவற்றுக்கும் கீழே, "இன்ன மணிக்குள் பேசாவிட்டால் இந்த எண்ணுக்குச் சொல்லவும்; 112-க்கும் சொல்லவும்" என்று ஒரு வரி.

தம்பி எழுதிக் கொடுத்தான். சித்தி அதை இரண்டு தரம் படித்தாள். திரும்பும் நேரத்தின் மேல் விரலை வைத்து, "இதுக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் நான் போன் போட்டுருவேன், ஆமா!" என்றாள்.

"போடும்மா, அதுக்குத்தானே எழுதிக் கொடுத்திருக்கேன்" என்றான் அவன்.